கண்ணுக்குத் தெரியாத பெரும்பான்மை: குளிர்ந்த குள்ள விண்மீன்களின் ஒளியை அளப்பது எப்படி?

கிளியனூர் வட்டாரத்தில் இஷா தொழுகை முடிந்து, தெரு விளக்குகளை விட்டுச் சற்று விலகி நின்று வானத்தைப் பாருங்கள். வடகிழக்கே மரக்காணம் உப்பளங்களின் பக்கம் போனால் வெளிச்சம் இன்னும் குறைவு. வானம் அடிவானம் வரை திறந்து கிடக்கும். நல்ல இரவில் ஆயிரம், இரண்டாயிரம் விண்மீன்கள் நம் கண்ணுக்குப் படலாம்.

ஆனால் வானத்தில் மிக அதிகமாக இருக்கும் வகை விண்மீன்களில் ஒன்றுகூட அந்தக் கூட்டத்தில் இல்லை. நம் பால்வெளி மண்டலத்தின் விண்மீன்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு 'செங்குள்ளன்' எனப்படும் சிறிய, குளிர்ந்த விண்மீன்கள். அவற்றில் ஒன்றைக்கூட வெறும் கண்ணால் தெளிவாகக் காண முடியாது. நமக்கு மிகப் பொலிவாகத் தெரியக்கூடிய லகாய் 8760 என்ற செங்குள்ளனும் கண்ணின் எல்லையைச் சற்றுத் தாண்டியே நிற்கிறது.

கண்ணுக்குத் தெரியாததை எப்படி அளக்கிறார்கள்? அந்த அளவுகளிலிருந்து என்ன தெரிந்துகொள்கிறார்கள்? "இன்னொரு பூமி கண்டுபிடிப்பு" என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் செய்திகளின் அடிப்படையே இந்த அளவீடுதான். அதைப் புரிந்துகொண்டால், அப்படிப்பட்ட செய்தியில் எது அளந்து கண்டது, எது ஊகம் என்று நாமே பிரித்தறியலாம்.

குளிர்ந்த குள்ளர்கள் யார்?

சூரியனின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். செங்குள்ளர்களில் அது ஏறத்தாழ 2,000 முதல் 3,600 டிகிரிக்குள் அடங்கிவிடும். எடை குறைவு என்பதால் தங்கள் ஹைட்ரஜன் எரிபொருளை மிகச் சிக்கனமாகச் செலவழிக்கின்றன. சூரியனின் மொத்த ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டுகள் என்றால், இவற்றின் ஆயுள் லட்சம் கோடி ஆண்டுகளில் கணக்கிடப்படுகிறது.

சூரியனின் எடையில் ஏழெட்டு சதவீதத்துக்கும் கீழே போனால், உள்ளே ஹைட்ரஜன் தொடர்ந்து எரிவதற்கான வெப்பமே உண்டாகாது. அப்படிப்பட்ட பொருள்கள் இருக்க வேண்டும் என்று 1960களின் தொடக்கத்திலேயே கணக்கிட்டுச் சொன்னவர்களில் முக்கியமானவர், இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சிவ் எஸ். குமார். 1975இல் ஜில் டார்ட்டர் அவற்றுக்குப் 'பழுப்புக் குள்ளன்' என்று பெயர் வைத்தார். கணக்கு சொன்னதைத் தொலைநோக்கி ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்தது 1995இல்தான். இடைப்பட்ட முப்பது ஆண்டுத் தாமதத்துக்கு ஒரு முக்கியக் காரணம், இவற்றின் ஒளியைப் பிடிக்கும் நல்ல அகச்சிவப்புக் கருவிகள் அதுவரை இல்லாததே.

பொலிவுக்கு எண் கொடுத்தவர்கள்

விண்மீன்களின் பொலிவை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிப்பது பண்டைய கிரேக்கர் காலத்து வழக்கம். மிகப் பொலிவானவை முதல் தரம். கண்ணுக்கு மங்கலாகத் தெரிபவை ஆறாம் தரம். எண் கூடக் கூட ஒளி குறையும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கிரேக்கரின் பட்டியலை அப்படியே நகல் எடுக்காமல், ஒவ்வொரு விண்மீனையும் தாமே பார்த்துத் தரத்தைத் திருத்தியவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி. ஏறத்தாழ கி.பி. 964இல் அவர் எழுதிய நிலை விண்மீன்கள் பற்றிய அரபு நூலில் பொலிவுத் தரங்களோடு பல விண்மீன்களின் நிறமும் குறிக்கப்பட்டிருக்கிறது. பொலிவும் நிறமும் சேர்ந்தே ஒரு விண்மீனை அடையாளம் காட்டும் என்ற வழக்கம் அவ்வளவு பழையது.

தரத்தைச் சரியான கணக்காக மாற்றியவர் நார்மன் போக்சன். ஐந்து தர வேறுபாடு என்றால் ஒளியில் சரியாக 100 மடங்கு வேறுபாடு. ஆகவே ஒரு தரத்துக்கு 2.512 மடங்கு என்று 1856இல் அவர் முன்மொழிந்தார். உலகம் முழுவதும் இன்றும் இதுவே வழக்கில் உள்ளது. அந்தப் போக்சன் 1861இல் சென்னை வந்து, நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்று, 1891இல் இறக்கும் வரை இங்கேயே பணியாற்றினார். அவருடைய உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் பொலிவு மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

அந்த வானாய்வகத்தின் பணி 1899இல் கொடைக்கானலுக்கு மாறியது. இன்று பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் அதன் வாரிசு. கிளியனூரிலிருந்து நேர்கோட்டில் சுமார் 110 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வைணு பாப்பு வானாய்வகமும், அங்கே 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவை.

எந்த அளவுகோலுக்கும் ஒரு பூஜ்யம் வேண்டும். நவீன வானியலில் நீண்ட காலமாக அந்தப் பூஜ்யமாக இருப்பது வேகா என்ற விண்மீன். ஆவணி, புரட்டாசி மாதங்களின் முன்னிரவில் வடக்குப் பக்கம் உயரத்தில் நீலம் கலந்த வெள்ளையாக ஒளிரும். 'அந்நஸ்ருல் வாகிஃ', அதாவது கீழிறங்கும் கழுகு என்ற அரபுப் பெயரின் கடைசிச் சொல்தான் 'வேகா' என்று திரிந்தது. எந்த ஒளியில் அளந்தாலும் வேகாவின் பொலிவு எண் ஏறத்தாழ பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, மற்ற விண்மீன்களை அதனோடு ஒப்பிடுகிறார்கள்.

ஏன் அகச்சிவப்பு?

கொல்லர் உலையில் இரும்பைப் பார்த்திருப்போம். நன்றாகக் காய்ந்தால் வெண்மஞ்சள். ஆற ஆறச் செம்மை. இன்னும் ஆறினால் கண்ணுக்கு எந்த ஒளியும் தெரியாது. ஆனால் கையை அருகே கொண்டுபோனால் சுடும். அந்தச் சூடு நம்மை வந்தடைவது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர்களாக. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்த வெப்பமானி, நம் உடல் வெளியிடும் அதே வகைக் கதிரைத்தான் அளந்தது.

விண்மீன்களுக்கும் இதே விதி. சூரியனின் ஒளி உச்சம் பெறுவது 0.5 மைக்ரான் அலைநீளத்தில். அது கண்ணின் எல்லைக்குள் இருக்கிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சுமார் 2,300 டிகிரி வெப்பமுள்ள விண்மீனின் உச்சமோ 1.1 மைக்ரானில் விழுகிறது. கண்ணின் எல்லை 0.7 மைக்ரானோடு முடிந்துவிடுவதால், அதன் ஒளியில் மிகச் சிறு பகுதியே கண்ணுக்கு உரியது.

இதை வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் காட்டலாம். டிவி ரிமோட்டின் முனையைக் கைப்பேசிக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தினால், பல கைப்பேசிகளில் ஒரு சிறு வெளிச்சம் திரையில் தெரியும். முன்பக்கக் கேமராவில் தெரிய வாய்ப்பு அதிகம். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. கண்ணைத் தாண்டியும் ஒளி உண்டு என்பதற்கு அதுவே போதுமான சான்று.

இதில் ஒரு தடை உண்டு. காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்பின் பல பகுதிகளை விழுங்கிவிடும். விழுங்காமல் விடும் இடைவெளிகள் சன்னல்கள் போல உள்ளன. அவற்றுக்கு வானியலாளர் வைத்த பெயர்கள்: ஜே (1.25 மைக்ரான்), எச் (1.65 மைக்ரான்), கே (2.2 மைக்ரான்). கடலோரத்தின் ஈரக்காற்று இந்த வேலைக்கு ஒத்துவராது. வறண்ட உயரமான இடமே வேண்டும். ராஜஸ்தானின் அபு மலையும், லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஹான்லேயும் இதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டன.

அளக்கும் முறை

உப்பு லாரியை எடைமேடையில் எப்படி அளக்கிறார்கள்? முதலில் காலி லாரி, பிறகு உப்போடு. இரண்டின் வித்தியாசமே உப்பின் எடை. அகச்சிவப்பு அளவீடும் இந்தக் கழித்தலில்தான் நிற்கிறது.

முதல் படி, கருவியைக் குளிர்விப்பது. சாதாரண வெப்பத்தில் இருக்கும் எந்தப் பொருளும் தானே அகச்சிவப்பை வெளியிடும். எனவே ஒளியுணரியைத் திரவ நைட்ரஜன் கொண்டு மைனஸ் 190 டிகிரி வாக்கில் வைத்திருக்கிறார்கள். இல்லையென்றால் கருவியின் சூடே விண்மீனை மறைத்துவிடும்.

இரண்டாவது, வானத்தைக் கழிப்பது. இரவு வானம் நமக்குக் கறுப்பு. கே சன்னலிலோ அது ஒளிர்ந்துகொண்டே இருக்கிறது. நாம் தேடும் மங்கலான குள்ளனைவிட, அதைச் சுற்றியுள்ள வானத் துண்டின் ஒளி பல மடங்கு அதிகமாக இருப்பது வழக்கம். அந்த ஒளியும் சில நிமிடங்களுக்குள் மாறிவிடும். ஆகவே சில பத்து நொடிகளுக்கு ஒரு முறை தொலைநோக்கியைச் சற்று நகர்த்தி, விண்மீன் வேறு வேறு புள்ளிகளில் விழும்படி பல படங்கள் எடுக்கிறார்கள். அந்தப் படங்களிலிருந்தே வெறும் வானத்தின் ஒளியைக் கண்டு கழித்துவிடலாம்.

மூன்றாவது, எடைக்கல்லோடு ஒப்பிடுவது. கடைக்காரரின் எடைக்கல்லில் அரசு முத்திரை இருக்க வேண்டும் அல்லவா? அதுபோல், பொலிவு எண் முன்பே கவனமாக நிர்ணயிக்கப்பட்ட 'தர விண்மீன்கள்' உண்டு. வேகா இன்றைய நுண்ணிய கருவிகளுக்கு மிதமிஞ்சிய வெளிச்சம் என்பதால், அதனோடு ஒப்பிட்டு அளந்த மங்கலான தர விண்மீன்களே நடைமுறையில் பயன்படுகின்றன. அதே இரவில், வானில் ஏறத்தாழ அதே உயரத்தில் அவற்றையும் படமெடுத்தால், காற்று விழுங்கிய ஒளியையும் கணக்கிட்டு ஈடுசெய்யலாம். எல்லாம் சரியாக நடந்தால் பிழை 0.02 தரம், அதாவது ஏறக்குறைய இரண்டு சதவீதத்துக்குள் அடங்கும்.

நான்காவது, எந்த வடிகட்டியில் அளந்தோம் என்று குறிப்பது. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் மரக்கால் அளவு மாறும். எந்த ஊர் மரக்கால் என்று சொல்லாமல் நெல் கணக்குப் பேச முடியாது. அதுபோல் ஒவ்வொரு வானாய்வகத்தின் ஜே வடிகட்டியும் நூலிழை வேறுபடும். சாதாரண விண்மீன்களில் இது பெரிய விஷயமல்ல. மிகக் குளிர்ந்த பழுப்புக் குள்ளர்களில் இதனால் மட்டுமே 0.2, 0.3 தரம் வரை வேறுபாடு வந்துவிடும்.

நிறம் என்பதும் ஓர் எண்

ஒரே விண்மீனை இரண்டு சன்னல்களில் அளந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் கிடைப்பது 'நிற எண்'. வேகாவுக்கு அது ஏறத்தாழ பூஜ்யம். எண் கூடினால் செம்மை கூடுகிறது என்று பொருள். கண்ணுக்கு உரிய பச்சை-மஞ்சள் சன்னலை 'வி' என்பார்கள். நமக்குப் பக்கத்தில் உள்ள மூன்று குள்ளர்களின் கணக்கைப் பாருங்கள்:

பர்னார்டு விண்மீன் (6 ஒளியாண்டு): வி 9.5, ஜே 5.2, எச் 4.8, கே 4.5
புராக்சிமா சென்டாரி (4.2 ஒளியாண்டு): வி 11.1, ஜே 5.4, எச் 4.8, கே 4.4
டிராப்பிஸ்ட்-1 (சுமார் 40 ஒளியாண்டு): வி 18.8; ஜே 11.4, எச் 10.7, கே 10.3

பர்னார்டு விண்மீனில் வி-க்கும் கே-க்கும் இடையே ஐந்து தரம். போக்சன் கணக்கில் அது 100 மடங்கு. அதாவது, வேகாவோடு ஒப்பிடும்போது இந்த விண்மீன் கண்ணின் ஒளியில் காட்டுவதைவிட அகச்சிவப்பில் நூறு மடங்கு பலம் காட்டுகிறது. டிராப்பிஸ்ட்-1இல் எட்டரை தர வேறுபாடு; ஏறக்குறைய 2,500 மடங்கு.

நிற எண்ணிலிருந்து வெப்பநிலையைக் கணிக்கலாம். ஆனால் எச்சரிக்கை வேண்டும். நம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் திருவாதிரை விண்மீனின் வி-கே நிற எண்ணும் பர்னார்டு விண்மீனுக்கு நெருக்கமானதே. ஆனால் திருவாதிரை சூரியனைவிடப் பல நூறு மடங்கு அகன்ற பெரும் விண்மீன். நிறம் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. தொலைவையும் அளந்தால்தான் குள்ளனா, பெருவிண்மீனா என்பது தெளிவாகும்.

இன்னொரு வியப்பும் உண்டு. குளிரக் குளிரச் செம்மை கூடிக்கொண்டே போக வேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். செங்குள்ளர்களில் ஜே-கே நிற எண் 0.8 முதல் 1 வரை. அடுத்த குளிர்ந்த 'எல்' வகையில், 1,000 முதல் 1,900 டிகிரி வரையுள்ள பொருள்களில், அது 1.3 முதல் 2 வரை ஏறுகிறது. அவற்றின் காற்றில் தாதுத்தூசி மேகங்கள் மிதப்பது அதற்கு ஒரு காரணம். இன்னும் குளிர்ந்த 'டி' வகையிலோ நிற எண் திடீரென்று பூஜ்யத்துக்கும், அதற்குக் கீழேயும் இறங்கிவிடுகிறது. காரணம் மீத்தேன். சாண எரிவாயுக் கலனில் உண்டாகும் அதே வாயுதான். அது எச், கே சன்னல்களின் ஒளியை விழுங்கிவிடுவதால், எஞ்சிய ஜே ஒளி ஓங்கி நிற்கிறது.

1995இல் உறுதியான கிளீஸ் 229பி என்ற பழுப்புக் குள்ளன் அப்படித்தான் அடையாளம் காணப்பட்டது. அதன் கதை அத்தோடு முடியவில்லை. பின்னாளில் எடையை அளந்தபோது வியாழனைப் போல் சுமார் 70 மடங்கு என்று வந்தது. அவ்வளவு எடைக்கு அது இவ்வளவு மங்கலாக இருக்கக் கூடாது. அளவு தவறா, கோட்பாடு தவறா என்று விவாதம் நடந்தது. 2024இல் விடை கிடைத்தது: அது ஒன்றல்ல, 12 நாளுக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றும் இரண்டு பழுப்புக் குள்ளர்கள். பொலிவு எண்ணும் சரி, எடையும் சரி. "ஒன்றுதான்" என்று நாம் எண்ணியதே தவறு.

இதற்கும் குளிர்ந்தவை உண்டு. 2014இல் அறிவிக்கப்பட்ட வைஸ் 0855 என்ற பொருள் 7.4 ஒளியாண்டு தொலைவில், நீர் உறையும் வெப்பநிலையை ஒட்டி இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும், விண்வெளியிலிருந்து 4.6 மைக்ரானில் பார்த்த வைஸ் தொலைநோக்கி வரும் வரை யாருக்கும் தெரியவில்லை.

ஹான்லேயிலிருந்து ஒரு பங்கு

டிராப்பிஸ்ட்-1 முதலில் ஒரு பட்டியலில்தான் சிக்கியது. 1997 முதல் 2001 வரை அமெரிக்காவின் அரிசோனாவிலும் சிலியிலும் இருந்த இரண்டு 1.3 மீட்டர் தொலைநோக்கிகள் வானம் முழுவதையும் ஜே, எச், கே சன்னல்களில் அளந்தன. 'டூமாஸ்' எனப்படும் அந்தத் தொகுப்பில் சுமார் 47 கோடிப் பொருள்களின் பொலிவு எண்கள் உள்ளன. அவற்றில் அசாதாரணச் செம்மையுடைய ஒன்றாக இது தனித்துத் தெரிந்தது.

2015இல் சிலியின் 60 செ.மீ. தொலைநோக்கி ஒன்று, இதன் ஒளி குறித்த இடைவெளிகளில் லேசாகக் குறைவதைக் கண்டது. கோள் ஒன்று குறுக்கே போகிறதா? ஒரே இடத்திலிருந்து தொடர்ந்து பார்க்க முடியாது. பூமி சுழல்வதால் விண்மீன் மறைந்துவிடும். பிற நாடுகளின் தொலைநோக்கிகளும் சேர்ந்து சரிபார்த்தன. அவற்றில் ஒன்று ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அதற்கு. பெங்களூர் அருகே ஹோஸ்கோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் வழியாக அதை இயக்குகிறார்கள். 2016இல் மூன்று கோள்கள் அறிவிக்கப்பட்டன; 2017 பிப்ரவரியில் அது ஏழாக உயர்ந்தது.

கோளின் அளவு எப்படித் தெரிகிறது? அது மறைக்கும் ஒளியின் பங்கிலிருந்து. டிராப்பிஸ்ட்-1 வியாழனைவிடச் சற்றே பெரியது. எனவே பூமி அளவுள்ள கோள் அதன் ஒளியில் ஏறக்குறைய ஒரு சதவீதத்தை மறைத்துவிடும். சூரியனுக்கு முன்னால் பூமி கடந்தால் மறைவது 0.01 சதவீதம்கூட இல்லை. ஆனால் நமக்குக் கிடைப்பது பங்கு மட்டுமே. விண்மீனின் பொலிவையும் நிறத்தையும் தவறாக அளந்தால் அதன் குறுக்களவு தவறாகும். அதோடு கோளின் அளவும், வெப்பமும், "அங்கே தண்ணீர் இருக்கலாம்" என்ற தலைப்புச் செய்தியும் தவறாகிவிடும்.

2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, முதல் கோளின் வெப்ப ஒளியை 15 மைக்ரானில் நேரடியாக அளந்தது. அதன் பகல் பக்கம் சுமார் 230 டிகிரி. அடர்ந்த காற்று மண்டலம் இருப்பதற்கான அடையாளம் இல்லை. ஏழு கோள்கள் இருப்பதும், அவற்றின் அளவும் அளந்து கண்டவை. அங்கே உயிர் இருக்கிறது என்பது யாரும் அளந்ததல்ல. அடுத்த முறை அப்படியொரு செய்தி வந்தால் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எதை அளந்தார்கள், எந்த அளவுகோலில்?

நம் பிள்ளைகளுக்கு

வானியல் என்றால் வசதி படைத்தோர் பாடம் என்ற எண்ணம் நம் குடும்பங்களில் உண்டு. டூமாஸ் பட்டியல் முழுவதும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பிளஸ் டூ கணிதம் தெரிந்த மாணவர், மாணவி யாரும் ஒரு விண்மீனின் ஜே, கே எண்களை எடுத்துக் கழித்து நிற எண் காணலாம். மடக்கைப் பாடத்தின் பயன் அங்கே கண்ணெதிரே நிற்கும். இதையே தொழிலாகக் கொள்ள விரும்புவோருக்கு வழி பி.எஸ்சி. இயற்பியலிலிருந்து தொடங்குகிறது. பிறகு ஜாம் தேர்வு வழியாக முதுகலை. ஜெஸ்ட் போன்ற தேர்வுகள் வழியாக முனைவர் பட்டம். மருத்துவம், பொறியியல் என்ற இரண்டு வாசல்களுக்கு அப்பால் இதுவும் ஒரு வாசல் என்று பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், இரவு ஒன்பதரை மணி வாக்கில், பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்று கிட்டத்தட்டத் தலைக்கு மேலே, சற்றுத் தெற்கே காட்டுங்கள். கும்ப மண்டலத்தில், வெறுமையாகத் தெரியும் அந்த இடத்தில்தான் டிராப்பிஸ்ட்-1 இருக்கிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. உப்பளத்தில் பாத்தித் தண்ணீரைப் பார்த்த மாத்திரத்தில் அதன் அடர்த்தியைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. மானியை மிதக்கவிட்டுத்தான் அறிய வேண்டும். வானத்துக்கும் அதே முறைதான். நம் கண்ணுக்குப் படவில்லை என்பதால் ஒன்று இல்லை என்று ஆகிவிடாது. இருக்கிறது என்று சொல்பவரிடம் அளவு கேட்கவும் தயங்கக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்து நம் பிள்ளைகளுக்குப் பழக்குவோம்.